மூடிய அறையில் ஓர் ஆண் குரல்

“அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க சார். மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

சொன்னவர் மேஜை மேல் ஒரு தலையணை உறையை வைத்தார். அதற்குள் ஒரு லேப்டாப் இருந்தது. அவருடைய விரல் இடுக்குகளில் கிரீஸ் கறை ஊறிப்போயிருந்தது. லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான்கு நாளாகச் சவரம் செய்யாத முகத்தில் கண்கள் மட்டும் தூங்காமல் சிவந்திருந்தன.

“மத்ததுன்னா என்ன?” என்று கேட்டார் தபால்.

மெக்கானிக் உறையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அது அவருக்கே தெரியவில்லை என்பது தபாலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டாசுக்குப் புரிந்தது.

தபாலுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்திரண்டு வருடம் தபால் இலாகாவில், விலாசம் சரியில்லாத கடிதங்களுக்கு உரியவரைத் தேடும் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஏறக்குறைய அதே வேலைதான். டயர் கடை மாடியில் இரண்டு அறை எடுத்து, காணாமல் போன மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டாசு அவருடைய உதவியாளர். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், முன்பு பதினோரு வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். வாயை மூடிக்கொண்டு அவள் சேர்ந்தாற்போல் மூன்று நிமிடம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

“முதல்லேருந்து சொல்லுங்க” என்றார் தபால்.

மெக்கானிக்கின் மனைவி புதன்கிழமை காலையில் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பதினாறு வருடத் தாம்பத்தியம். பிள்ளை இல்லை. அவள் பாடப் புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகத்தில் புரூஃப் ரீடர். வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொல்லி, நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்போடு இருப்பாள். அவள் போன பிறகு இவர் அச்சகத்துக்குப் போன் செய்தார். அவள் வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறதே என்றார்கள்.

“அஞ்சு மாசமா வேலையே இல்லாம கதவைச் சாத்திட்டு என்ன பண்ணினா? சொன்னா கேக்கறவங்க சிரிப்பாங்க. அறைக்குள்ள ஒரு ஆம்பளை குரல் கேட்கும் சார். மூணு தடவை என் காதால கேட்டிருக்கேன். நான் ஷிஃப்ட் முடிஞ்சு சீக்கிரம் வந்த நாள்ல. கதவைத் தட்டினா உடனே நின்னுடும்.”

“என்ன பேசினான்?”

“புரியாது. அவ்வளவு வேகம். மூச்சு விடாம பேசுவான். இவ ஒரு வார்த்தை பேச மாட்டா.”

“ஆம்பளை பேசிட்டே இருக்கான், பொம்பளை வாயே திறக்கலையா?” என்றாள் பட்டாசு. “அப்ப அது கள்ளக்காதல் இல்ல சார். கல்யாணம்.”

தபால் அவளை ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. பட்டாசு தலையைக் குனிந்துகொண்டு லேப்டாப்பை உறையிலிருந்து உருவினாள்.

“வேற என்ன கவனிச்சீங்க?”

“என் முகத்தைப் பார்த்துப் பேசறதை நிறுத்திட்டா. பேசும்போது இங்க பார்ப்பா.” மெக்கானிக் தன் காதுக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் விரலை வைத்துக் காட்டினார். “மனசுல தப்பு இருக்கிறவங்கதானே அப்படிப் பார்ப்பாங்க?”

“போகும்போது ஏதாவது எழுதி வச்சுட்டுப் போனாங்களா?”

மெக்கானிக் போனை எடுத்து அழுத்தினார். களைத்த பெண் குரல் ஒன்று ஒலித்தது. *“என்னைத் தேடாதீங்க. நான் நல்லா இருப்பேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க.”*

தபால் அதை இரண்டாவது முறையும் கேட்டார். “எழுத்துலயே பிழைப்பு நடத்தினவங்க. கடைசியா ஒரு வரி எழுதி வைக்காம, பேசி அனுப்பிட்டுப் போயிருக்காங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

லேப்டாப் உயிர் பெற்றது. லினக்ஸ். விண்டோஸ் வாங்கப் பிரியப்படாதவர்களும், தன் இயந்திரத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் போட்டுக்கொள்வது. கடவுச்சொல் கேட்கும் என்று எதிர்பார்த்து பட்டாசு விரல்களைச் சொடுக்கித் தயாரானாள். எதையும் கேட்காமல் நேராக உள்ளே போய்விட்டது.

“சார், இது சரியா இல்லையே” என்றாள். “கடவுச்சொல் கேட்கிற பூட்டை வேணும்னே கழட்டி வச்சிருக்காங்க. புருஷனுக்குத் தெரியாம ஆள் வச்சிருக்கிறவ முதல்ல பூட்டைத்தானே பலமா போடுவா? இவங்க வாசக்கதவையே கழட்டிப் போட்டிருக்காங்க.”

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “அப்படின்னா?”

“அப்படின்னா இவங்க பயந்தது வேற எதுக்கோ.”

பட்டாசு திரையில் கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்தாள். இந்த மாதிரி இயந்திரத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கலாம். அடித்த கட்டளையெல்லாம் வரிசையாகப் பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி விழும்படியும் இந்தப் பெண் அமைத்து வைத்திருந்தாள். புரூஃப் ரீடர் அல்லவா, ஒழுங்கு அப்படி. பட்டாசு பின்னோக்கி உருட்டிக்கொண்டே போனாள். காதல் கடிதத்தின் வாடையே இல்லை. எல்லாம் அமைப்புகளை மாற்றும் கட்டளைகள்.

“வாசிம்மா” என்றார் தபால்.

“பத்து மாசத்துக்கு முன்னாடி, எழுத்தோட அளவை மாத்தியிருக்காங்க. பதினொண்ணுலேருந்து பதினாலு. அடுத்த மாசம் பதினெட்டு. மவுஸ் அம்பு ரெட்டிப்பு. அதுக்கடுத்த மாசம் எழுத்து இருபத்தாறு. அம்பு நாலு மடங்கு. அப்புறம்... வெள்ளைப் பின்னணியை எடுத்துட்டு கறுப்புல வெள்ளை எழுத்து. எழுத்து நாப்பது. இது என்ன சார், லேப்டாப்பா, விளம்பரப் பலகையா?”

சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் கடைசி வார்த்தையில் இறங்கிவிட்டது.

தபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மேல வாசி.”

“எழுத்து அறுபது. அந்த அளவுக்குத் திரையில மூணு வார்த்தை கூட முழுசா நிக்காது. அந்த மாசம்தான்...” அவள் மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தாள். “அஞ்சு மாசத்துக்கு முன்னாடி.”

“வேலையை விட்ட மாசம்” என்றார் தபால்.

“அதுக்கப்புறம் மவுஸைத் தொடவே இல்ல. எல்லாமே கீபோர்டுல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, நாலாந்தேதி, புதுசா ஒரு பேக்கேஜ், அதாவது ஒரு மென்பொருள், போட்டிருக்காங்க.” அவள் அதன் பெயரை இரண்டு முறை பார்த்தாள். “நீங்க அந்தக் குரலை முதல்ல கேட்டது எப்போ?”

மெக்கானிக் விரல் விட்டு எண்ணினார். “ரெண்டு மாசம் இருக்கும். ஆறாந்தேதி. அன்னிக்குத்தான் ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் கேபிள் மாத்தினோம், அதனால ஞாபகம் இருக்கு.”

பட்டாசு அடுத்த வரிகளை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒன்பதாம் தேதி அந்தப் பேக்கேஜின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. போட்டிருக்கிறாள், இந்த லேப்டாப்பில் அது வேலை செய்யவில்லை போலும். அன்றே பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு, இனி இதை மட்டும் யாரும் மாற்றக்கூடாது என்று பூட்டுப் போட்டிருக்கிறாள். அதற்கும் கீழே ஒரே ஒரு கட்டளை பல நாள் திரும்பத் திரும்ப இருந்தது. திரையின் வெளிச்சம்: பூஜ்யம்.

“திரையை அணைச்சுட்டு வேலை செஞ்சிருக்காங்க சார்” என்றாள் மெதுவாக. “அவங்களுக்குத் திரை தேவைப்படல.”

“அந்தக் குரலைக் கேட்க முடியுமா?” என்று கேட்டார் தபால்.

“இப்ப இது ஊமையா இருக்கு. அந்தப் பேக்கேஜுக்குப் போட்டிருந்த பூட்டை யாரோ எடுத்துட்டு அப்கிரேட் பண்ணியிருக்காங்க. இருங்க. பழைய பேக்கேஜை இயந்திரம் சில சமயம் தன் கிடங்குல போட்டு வச்சிருக்கும்.”

இருந்தது. பட்டாசு புதுப் பதிப்பை நீக்கிவிட்டுப் பழையதை எடுத்துப் போட்டாள். ஒரு விசையை அழுத்தினாள்.

லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண் குரல் கொட்டியது. ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு வாங்காமல், ஒரு வார்த்தையின் வாலில் அடுத்த வார்த்தை ஏறிக்கொண்டு.

மெக்கானிக் நாற்காலி கவிழ எழுந்தார். “இவன்தான்! இந்தக் குரல்தான் சார்! இவனேதான்!”

பட்டாசு வேகத்தைக் குறைத்தாள். குரல் மனிதர்களுக்குப் புரியும் நடைக்கு வந்தது. *“ஆவணங்கள். கோப்புறை. பன்னிரண்டு கோப்புகள். முதல் கோப்பு...”*

“இவன் ஆள் இல்லைங்க” என்றாள் பட்டாசு. “திரையில இருக்கிறதைப் படிச்சுக் காட்டற மென்பொருள். ஸ்கிரீன் ரீடர்னு சொல்வாங்க. கண்ணு தெரியாதவங்க பயன்படுத்தறது. பழகினவங்க வேகமா வச்சுத்தான் கேட்பாங்க. கடவுச்சொல் கேட்கிற இடத்துல இந்தக் குரல் வராது, அதான் அந்தப் பூட்டைக் கழட்டி வச்சிருக்காங்க.”

மெக்கானிக் கவிழ்ந்த நாற்காலியைப் பார்த்தார். அதை நிமிர்த்தினார். உட்காரவில்லை. “அவளுக்குக் கண்ணு நல்லாத்தானே இருந்தது? சமைச்சா. மாடிப்படி ஏறினா. கடைக்குப் போயிட்டு வந்தா.”

“சில பேருக்குப் பார்வையோட நடுப்பகுதி மட்டும் போகும்” என்றார் தபால். “ஓரம் தெரியும். நடக்கலாம், சமைக்கலாம். படிக்க முடியாது. எதிர்ல இருக்கிறவங்க முகம் தெரியாது. முகத்தைப் பார்க்கணும்னா கொஞ்சம் தள்ளிப் பார்க்கணும். காதுக்குப் பக்கத்துல பார்த்தாங்கன்னு சொன்னீங்களே. அவங்க உங்களைத்தான் பார்த்திருக்காங்க.”

கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பட்டாசுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. பேக்கேஜ்களின் பதிவேட்டையும் கட்டளை வரிசையின் கடைசி வரிகளையும் பார்த்தாள். “சார், செவ்வாய்க்கிழமை காலை பதினொண்ணு இருபதுக்கு ஒரே மூச்சுல ஆயிரத்து நூத்திநாப்பது பேக்கேஜ் அப்கிரேட் ஆகியிருக்கு. பூட்டை எடுத்தது, எழுத்தைச் சின்னதாக்கினது, அம்பைச் சின்னதாக்கினது, வெளிச்சத்தை ஏத்தினது, எல்லாம் அதே ஒரு மணி நேரத்துல. அவங்க போனது புதன்கிழமை. இதை அவங்க பண்ணியிருக்க மாட்டாங்க. யாரு பண்ணினது?”

மெக்கானிக்கின் பார்வை மேஜை மேல் கிடந்த தலையணை உறைக்குப் போனது.

“நான்தான்” என்றார் மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை அவள் வெளியே போயிருந்த நேரத்தில், உள்ளே அவனைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று அவர் லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். திரை இருட்டாக இருந்தது. கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, தெருமுனை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘ஒண்ணும் கெடல. செட்டிங் எல்லாம் கண்டபடி இருந்தது, எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி, புதுசா அப்கிரேட் பண்ணிட்டேன்.’ மெக்கானிக் உள்ளே தேடிப் பார்த்தார். அவருக்கு எங்கே தேடுவது என்று தெரியவில்லை. ஒன்றும் கிடைக்காமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

“அவங்க வந்ததும் என்ன சொன்னீங்க?” தபால் கேட்டார்.

“எடுத்தது தெரிஞ்சுடுமேன்னு நானே சொன்னேன். உன் மெஷினைச் சரி பண்ணிட்டேன், எல்லாம் பழைய மாதிரி ஆக்கியாச்சுன்னு.”

“எந்த மாதிரி சொன்னீங்க?”

மெக்கானிக் நினைத்துப் பார்த்தார். “திருட்டுத்தனம் பண்ணியிருந்தேன்ல சார். கொஞ்சம் கடுப்பாத்தான் சொல்லியிருப்பேன்.”

பட்டாசு திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் அவளும் இப்படித்தான் சரி பண்ணிக் கொடுத்திருக்கிறாள். கண்டபடி இருந்த எத்தனை செட்டிங்குகளை, ஏன் அப்படி இருந்தன என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒழுங்காக்கியிருப்பாள்? கணக்கே இல்லை.

“விலாசம் வேணும்” என்றார் தபால்.

அந்தக் குரலே விலாசத்தைச் சொன்னது. பன்னிரண்டு கோப்புகளில் ஒன்பதாவது, பார்வை குறைந்தவர்களுக்கான ஒரு பயிற்சி இல்லத்தின் விண்ணப்பம். ஆறு மாதம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன, ஒன்றைத் தவிர. ‘குடும்பத்தாருக்குத் தெரியுமா?’ என்ற கட்டம் காலியாக இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பி ஏழு வாரம் ஆகியிருந்தது. அனுப்பவில்லை. “நேரா அங்கேயே போய்ச் சேர்ந்திருப்பாங்க” என்றார் தபால்.

காரில் இரண்டு மணி நேரப் பயணம். பட்டாசு ஓட்டினாள். பின் இருக்கையில் மெக்கானிக் லேப்டாப் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டாசு வாயே திறக்கவில்லை; அது தபாலுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், இரண்டு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

இல்லத்தின் வாசலில் கார் நின்றதும் மெக்கானிக் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார்.

“நீங்க இருங்க” என்றார் தபால். “தேடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனவங்க. முதல்ல அவங்களைக் கேட்டுட்டு வர்றேன்.”

சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்தாறு பேர் நீண்ட மேஜைகளில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கோடியில் ஒல்லியான ஒரு பெண் டம்ளருக்குள் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். விரல் நுனியில் தண்ணீர் பட்டதும் ஜாடியை நிமிர்த்தினாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள்.

தபால் தான் யார் என்று சொன்னார். அவள் அவருடைய தோளுக்குச் சற்று அப்பால் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். பட்டாசு லேப்டாப்பை அவள் முன்னால் வைத்து, “உங்க பழைய பதிப்பையே போட்டிருக்கேங்க. யாரும் மாத்தாம இருக்க அதுக்குப் பூட்டும் போட்டிருக்கேன்” என்றாள். அந்தப் பெண் விசையை அழுத்தினாள். குரல் பேசியது. இரண்டு கைகளையும் விசைப்பலகை மேல் பரப்பி வைத்துக்கொண்டாள்.

“அவர் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டார்னு நினைச்சேன்” என்றாள். “குரலை நிறுத்திட்டு, எழுத்தைச் சின்னதாக்கிட்டு, எல்லாம் பழைய மாதிரி ஆக்கியாச்சுன்னு சொன்னார். அதுதான் அவரோட பதில்னு நினைச்சேன்.”

“அவருக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. வேற ஆள் இருக்கான்னு சந்தேகப்பட்டார். அவ்வளவுதான்” என்றார் தபால்.

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். “வேற ஆளா!”

“ஏம்மா அவர்கிட்ட சொல்லல?”

“அவங்க அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில இருந்தாங்க. இவர்தான் எல்லாம் பார்த்தார். குளிப்பாட்டறது, ஊட்டறது, எல்லாம். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அவங்க போன மறுவாரம் மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தோம். அப்ப சொன்னார். ‘இனிமே ஒருத்தரையும் என்னால இப்படிப் பார்த்துக்க முடியாது. ஒரு தடவை போதும்’னு.” அவள் ஈரத் துணியை நான்காக மடித்தாள். “அப்பவே எனக்கு எழுத்து மங்க ஆரம்பிச்சிருந்தது. மறுநாள் சொல்லலாம்னு வச்சிருந்தேன்.”

பட்டாசு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவர் வாசல்ல கார்ல இருக்கார்” என்றார் தபால். “வரச் சொல்லட்டுமா?”

அவள் மடித்த துணியை மேஜை ஓரத்தில் வைத்தாள். பக்கத்து மேஜையில் யாரோ டம்ளரைத் தட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, துடைத்தார்கள்.

“இன்னிக்கு வேண்டாம். எனக்கு என் கையால ஒரு டம்ளர் தண்ணி சிந்தாம ஊத்த வரணும். அதுக்கப்புறம் யோசிக்கிறேன்.”

“அவர்கிட்ட என்ன சொல்ல?”

“என் கண்ணு போகுதுன்னு சொல்லுங்க. வேற யாரும் இல்லன்னு சொல்லுங்க. வருவேன்னு சொல்ல வேண்டாம். வரமாட்டேன்னும் சொல்லிடாதீங்க.”

“மாடியில சொன்னது?”

“அதையும் சொல்லுங்க” என்றாள். “அவருக்கு ஞாபகம் இருக்கான்னு எனக்கே தெரியணும்.”

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக் காரை விட்டு இறங்கி, இல்லத்தின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர்கள் இரண்டு பேர் மட்டும் வருவதைக் கண்டதும் திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தார்.

தபால் முன் இருக்கையில் அமர்ந்து, பின்னால் திரும்பி, அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். மாடிப் பேச்சு வந்தபோது ஆட்டம் நின்றது.

“நானா சொன்னேன்?”

“சொன்னீங்களாம்.”

“மாடியிலயா?”

“உங்க அம்மா போன மறுவாரம்.”

மெக்கானிக் இரண்டு கைகளாலும் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு மாடியில உட்கார்ந்தது ஞாபகம் இருக்கு. இவ என் தோள்ல சாஞ்சிருந்தா. அதுவும் ஞாபகம் இருக்கு. ஆனா நான் ஒண்ணும் பேசலையே சார். நான் ஒண்ணுமே பேசினதா ஞாபகம் இல்லையே.”

பட்டாசு சாவியை நுழைத்துவிட்டுத் திருகாமல் இருந்தாள். பின்னால் அவர் தனக்குள்ளே தேடிக்கொண்டிருந்தார்; வரிசை வரிசையாக அந்தச் சாயங்காலத்தை எடுத்துப் பார்த்து, அவள் என்ன சொன்னாள், தான் என்ன சொன்னோம் என்று உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தேடி முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.